தங்கச் சாயம் பூசிய சாவி

1

இந்தக் கதை எனக்கு ராசா என்ற ஊரில் ஓர் அப்பக் கடையில் கிடைத்தது என்றுதான் முதலில் எழுதினேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்களாம், நான் ஒட்டுக்கேட்டேனாம். எழுத்தாளர்கள் வழக்கமாக விடுகிற கதைதான். முதல் வரியிலேயே புளுகினால் மிச்சத்தை யார் நம்புவார்கள் என்று அடித்துவிட்டேன். கதை உண்மையில் எங்கே கிடைத்தது என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருங்கள். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இரண்டாவது தொடக்கம்: ஒரு காலத்தில் இந்த நாட்டுத் தமிழர்களின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தன் தேன்குரலால் நிரப்பிய ஆம்புரோஸ் அவர்கள்—

(நிறுத்திவிட்டேன். வாழ்த்துமடல் வாடை அடிக்கிறது. அந்த மாதிரி மடல்களை நிறைய எழுதியவன் நான். கை தானாக அங்கே போகிறது.)

மூன்றாவது: ஆம்புரோஸ் தன் மஞ்சள் பட்டையை மடித்துப் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு, கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்கப் போனார்.

இது இருக்கட்டும்.

2

ஆம்புரோஸ் முப்பது வருடம் வானொலி அறிவிப்பாளர். ஞாயிறு காலை நேயர் வாழ்த்து அவருடையது. தோட்டங்களிலிருந்து அஞ்சலட்டைகள் வந்து குவியும். ஓர் அட்டையில் பன்னிரண்டு பெயர் இருந்தால் பன்னிரண்டையும் வாசிப்பார். நேரம் போதவில்லை என்றால் பாட்டைத்தான் வெட்டுவார், பெயரை வெட்டமாட்டார். நீலாய் பக்கத்து ஆத்தங்கரைத் தோட்டத்திலிருந்து* வாரம் தவறாமல் ஓர் அட்டை வரும். நான்காம் லயம், மாயாண்டி, பஞ்சாலை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற புருஷனும் பெண்டாட்டியும். தங்கள் பெயரை ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் பசியாறுவார்களாம்.

*தோட்டத்தின் உண்மைப் பெயர் வேறு. நாகரிகம் கருதி மாற்றவில்லை, பயத்தில் மாற்றினேன்.

ஓய்வுபெற்ற பிறகு இரண்டு வருடம் அவரை ஒரு நாய்கூடச் சீண்டவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது: சமூக நல்லெண்ணத் தூதர். கூடவே தோளில் போட ஒரு மஞ்சள் பட்டை, முன்வரிசையில் ஒரு நாற்காலி. ரிப்பன் வெட்டுவது, விளக்கேற்றுவது, புகைப்படத்தில் நடுவில் நிற்பது. வெறும் அலங்காரப் பதவி என்று அவருக்கும் தெரியும். ஆனால் மறுபடி கைக்கு மைக் வந்ததே! அந்தச் சந்தோஷத்தை நான் கிண்டல் செய்யப் போவதில்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஆத்தங்கரைத் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். முப்பத்தெட்டுக் குடும்பங்கள் லயத்து வீடுகளைவிட்டு அசையமாட்டோம் என்று நின்றன. அப்போதுதான் ஆம்புரோஸை மேடையேற்றினார்கள். மாற்று வீடு வரும் இடமென்று நான்கு முளைக்குச்சி அடித்த வெறும் திடலில் பந்தல் போட்டு, தங்கச் சாயம் பூசிய நான்கடிப் பலகைச் சாவி ஒன்றைப் பஞ்சாலையிடம் கொடுக்கச் செய்தார்கள். பஞ்சாலை சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கய்யா. நம்பலாமா?"

ஆம்புரோஸ் தாளைப் பார்த்தார். "நம்பி வாருங்கள், வீடு உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று இருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமைக் குரலில் வாசித்தார். அடுத்த மாதம் முப்பத்தெட்டுக் குடும்பமும் தற்காலிக லோங்ஹவுஸுக்கு, ஒரே கூரை போட்ட பலகை வீட்டு வரிசைக்கு, மாறிவிட்டன. தற்காலிகம் என்றால் ஆறு மாதம் என்றார்கள். மூன்றாவது வருடம் மாயாண்டி அங்கேயே செத்துப்போனார். திடலில் இன்றைக்கும் லாலான் புல்தான்.

3

போன வாரம், தூதர் பதவி கொடுத்த அலுவலகத்திலிருந்து விழா அதிகாரி சசிதரன் கூப்பிட்டார்.

"அங்கிள், சனிக்கிழமை இன்னொரு தோட்டத்துக்குச் சாவி குடுக்குற ஃபங்ஷன். புதுசா செய்ய டைம் இல்ல லா. அந்தப் பழைய சாவி, அத வாங்கின ஆன்ட்டி வீட்டுலதானே இருக்கு? பின்ஜாம்னு சொல்லி இரவலா வாங்கிட்டு வந்துருங்க. முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடலாம்."

(நம்பமாட்டீர்கள். நான் இட்டுக்கட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் கௌரவமாக இட்டுக்கட்டியிருப்பேன்.)

ஆம்புரோஸுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் முடியாது என்றால் பட்டையைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்றார்.

லோங்ஹவுஸில் பஞ்சாலை அவரை உட்காரவைத்துப் பால் விடாத தே-ஓ கலக்கிக் கொடுத்தார். ஆம்புரோஸ் சாவியைத் தேடினார். அது பின்கதவுக்குக் குறுக்கே தாழ்ப்பாளாகக் கிடந்தது.

(இந்த வரியை இரண்டு முறை வெட்டினேன். வேண்டுமென்றே கொண்டுபோய் வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் கொண்டி கழன்று ஒரு வருடம் ஆகிறது, மாற்ற ஆள் வரவில்லை, சாவி சரியான நீளத்தில் இருந்தது. நான் என்ன செய்யட்டும்?)

ஆம்புரோஸ் வந்த காரியத்தை எப்படியோ சொல்லி முடித்தார்.

"அவங்களுக்காவது வீடு கட்டிட்டாங்களாய்யா?"

"அடிக்கல் நாட்டப்போறாங்கம்மா."

"எங்களுக்கும் அதத்தானே நாட்டுனாங்க." பஞ்சாலை எழுந்து சாவியை உருவினார். ஒரு முனையைக் கரையான் அரித்திருந்தது. முந்தானையால் துடைத்து அவர் மடியில் வைத்தார். "கொண்டு போங்க. எனக்கு ஒன்னு செய்யணும். மேடையில எம் பேர வாசிங்க. முன்ன வாசிப்பீங்கல்ல, அதே மாதிரி. ஆத்தங்கரைத் தோட்டம், நாலாம் லயம், பஞ்சாலை, ஏழு வருசமா வீடு வரலன்னு. நாங்க மனு போட்டுப் பாத்துட்டோம். ஒருத்தன் காதுலயும் ஏறல. உங்க வாயால வந்தா கேப்பாங்கய்யா."

"பாக்குறேம்மா."

"பாக்க வேணாம். வாசிங்க."

சாவி காரின் பின்பெட்டியில் அடங்கவில்லை, மூடியைக் கயிற்றால் கட்டினார். திரும்பிப் பார்த்தபோது, பஞ்சாலை காலி சமையல் கேஸ் தோம்பை உருட்டிவந்து பின்கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

4

சொல்கிறேன் என்றேன் அல்லவா. தூதருக்கு உரை எழுதிக் கொடுப்பவன் நான்தான். "நம்பி வாருங்கள்" என்பது என் வரி. எழுதிய அன்று அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

முந்தாநாள் ஆம்புரோஸ் கூப்பிட்டு, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கதை கிடைத்த இடம் அதுதான்.

"தம்பி, அந்தம்மா பேர உரையில எழுதிக் குடுங்க. எழுதியிருந்தா வாசிச்சிருவேன்."

"சார், நீங்களே நாலு வார்த்த சொல்லிடலாமே."

"எனக்குச் சொந்தமா பேச வராது தம்பி. வாசிக்கத்தான் வரும்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அப்புறம் என் யோக்கியதை நினைவுக்கு வந்து அடங்கியது. கதை எழுதினால் பஞ்சாலைக்காக உருகுகிறேன். உரை எழுதினால் அதே கையால் அவரைப் பெட்டி கட்ட வைக்கிறேன். உரையைச் சசிதரன் பார்ப்பார். அந்த ஒரு வரிக்காக என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எனக்குப் பயம். இதில் அலங்காரம் ஒன்றுமில்லை.

5

முடிவு ஒன்று: ஆம்புரோஸ் தாளை மடித்துவிட்டுப் பஞ்சாலையின் பெயரைச் சொல்கிறார், கூட்டம் எழுந்து நிற்கிறது, மைக்கை—

(இல்லை. நான் செய்யாததை அவர் தலையில் கட்டி, கைதட்டலை நான் வாங்கிக்கொள்கிறேன்.)

முடிவு இரண்டு: அவர் வாசிக்காமல் இறங்குகிறார். பஞ்சாலை ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறார். துயரம், கண்ணியம், இத்யாதி. (பரிசு கிடைக்கும். வேண்டாம்.)

எனவே முடிவை உங்களிடம் ஒப்படைக்கிறேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், இப்படித் திரும்பிப் போட்டோவுக்கு நில்லுங்கள். எனக்கு இந்தச் சடங்கு நன்றாகத் தெரியும். நான் கொடுப்பதும் பலகைச் சாவிதான்.

உரையை இன்று காலை பத்து மணிக்கே அனுப்பிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். பஞ்சாலையின் பெயர் அதில் இல்லை. ஆம்புரோஸ் சொந்தமாக வாயைத் திறந்தால்தான் உண்டு.

நாளை சனிக்கிழமை. தன் பெயரைக் கேட்கப் பஞ்சாலை வருகிறாராம். முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடும்படி நான்தான் சொல்லியிருக்கிறேன்.