ஆர்விட் ட்வெட்டின் தீவன வண்டி

ஆர்விட் ட்வெட்டிடம் பிக்கப் வண்டி வாங்கப் போனால் முதலில் அதன் வரலாற்றைக் கேட்டாக வேண்டும். வரலாறு என்பது பெரும்பாலும் ஆர்விட்டின் வரலாறு. மாவட்ட மாடு வளர்ப்போர் சங்கத்துக்கு ஒன்பது வருடத் தலைவர் அவர். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அவருக்கு அது கூட்டம்; ஒருத்தி மட்டும் நின்றால் சிறப்புக் கூட்டம்.

அன்றைக்கு நின்றவள் வெர்னா கிராஸ். ஜனவரிக் குளிரில் கைகளை அக்குளில் திணித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்பத்தொண்ணாம் வருஷத்து வண்டி. வாங்கறப்ப பின்சக்கரம் மட்டுந்தான் இழுக்கும். பட்டாளத்துல கழிச்சுப் போட்ட லாரியிலேர்ந்து முன் அச்சைக் கழட்டி, இதோ, இந்தக் கையால மாட்டினேன். நாலு சக்கரமும் இழுக்குற பிக்கப் அப்போ இந்த மாவட்டத்துல வேற யார்கிட்டயும் கிடையாது."

வெர்னா அந்தக் கையைப் பார்த்தாள். மாட்டியது வெல்டர் ஹாங்க் என்பது டிரை ஃபோர்க் ஊர் முழுவதற்கும் தெரியும். மூன்று வாரம் வேலை செய்தான், அதில் ஒரு வாரம் நிதானத்தில் இருந்தான். ஆனால் இப்போது அதைச் சொல்லும் நிலையில் அவள் இல்லை. அவளுக்கு வண்டி வேண்டும்.

வாரத்துக்கு ஆறு நாள், அறுபத்திரண்டு மைல் தபால் போடுவது அவள் வேலை. வண்டி சொந்த வண்டியாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஊரைத் தாண்டி 'சவப்பெட்டி ஏற்றம்' என்று ஒரு மலைச்சரிவு. இந்தக் குளிர்காலத்தில் அவளுடைய பழைய கார் அங்கே மூன்று முறை வழுக்கித் திரும்பி வந்துவிட்டது. போஸ்ட்மாஸ்டர் கிளைட் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவை மூணு மணி பஸ்ஸுக்குத் தபால் பை வரலேன்னா, ரூட்டை வேற ஆளுக்கு எழுதிருவாங்க வெர்னா. என் கையில இல்ல." வீட்டில் கணவன் எம்மெட், குதிரை தன் மேல் சாய்ந்து விழுந்ததில் இடுப்பு நொறுங்கி, அடுப்படி நாற்காலியை விட்டு நகராமல் இருக்கிறான். வீட்டுக்கு வருகிற சம்பளம் இந்த ரூட் ஒன்றுதான்.

அதனால் ஆர்விட்டின் பேச்சை நடுவில் நிறுத்தி, ஜாக்கி கேட்டாள். பனியில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். பின்னால் ஒரு சக்கரத்தைத் தூக்கி, கியரை விடுவித்து, அச்சைச் சுழற்றும் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். சக்கரம் இரண்டு சுற்று. தண்டு நாலும் கொஞ்சமும். முன்னால் போய் அதே கணக்கை எடுத்தாள். ஒட்டுப் போட்ட வண்டியில் இதுதான் முக்கியம். முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு கணக்கில் சுற்றினால் ஒன்றையொன்று இழுத்து உடைத்துக்கொள்ளும்.

"என் பேச்சுல நம்பிக்கை இல்லையாக்கும்" என்றார் ஆர்விட்.

"உங்க பேச்சுல நம்பிக்கை இருக்கு ஆர்விட். அச்சுக்குத்தான் காது கிடையாது."

முன்னாலும் நாலும் கொஞ்சமும்தான். எழுந்து பனியைத் தட்டிக்கொண்டு விலை பேசினாள். ஆர்விட் அதிகம் இழுக்கவில்லை. பிப்ரவரியில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தொழிற்சாலையிலேயே நாலு சக்கரமும் இழுக்கும்படி செய்து வந்த சிவப்புப் பிக்கப்பில் போய் இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது கொட்டகைக்குள் நின்று மின்னிக்கொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னபோது எம்மெட் கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஜனவரியில யாராவது தீவன வண்டிய விப்பாங்களா?"

"அவருக்குப் புதுசு வந்திருச்சு."

"வரட்டும். மாட்டுக்குச் சொன்னானா?"

வலி மாத்திரை பேசுகிறது என்று நினைத்து, வெர்னா அவன் தட்டில் இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு வைத்தாள்.

திங்கள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினாள். சாலை இரண்டு மைல் தூரம் ஆர்விட்டின் மேய்ச்சல் நிலத்தை ஒட்டியே போகும். முதலில் வெள்ளை முகத்துப் பசு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு இருபது. பிறகு வேலிக்கம்பி தளர்ந்து விழும் ஓசை கேட்டது. வெர்னா கண்ணாடியில் பார்த்தபோது சாலை தெரியவில்லை, மாடுதான் தெரிந்தது. முன்னாலும் அப்படித்தான். ஒன்று ஜன்னலுக்குள் மூக்கை விட்டு, யாருக்கோ வந்த விதைப் பட்டியலின் ஓரத்தை ருசி பார்த்தது.

யாராக இருந்தாலும் செய்வதையே அவளும் செய்தாள். விரட்டுவதற்காக ஹார்னை மூன்று முறை அழுத்தினாள்.

பத்துக் குளிர்காலமாக, தினமும் காலையில், இதே வண்டியில் இதே ஹார்னை மூன்று முறை அழுத்தித்தான் ஆர்விட் மாடுகளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குன்றுக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்தவையும் ஓடி வந்தன.

தீவன வண்டியை விற்பதானால் ஜூனில் விற்பார்கள், பச்சைப் புல் இருக்கும்போது, மாடு எந்த வண்டியையும் ஏறெடுத்துப் பார்க்காதபோது. அவசரமென்றால் பழையதையும் புதியதையும் இரண்டு வாரம் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பழக்குவார்கள். இது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தலைவருக்கு மட்டும் மறந்துவிட்டது. வெர்னாவுக்கும்தான், அவளுக்கு ஏற்றத்தைத் தவிர வேறெதுவும் மண்டையில் இல்லை.

மணி ஒன்பதே முக்கால். மாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தால் மூன்று மணி பஸ் போய்விடும். வண்டி எங்கே போனாலும் இவை வரும் என்றால், போக வேண்டிய இடத்துக்கே கூட்டிப் போய்விடலாம். ஆர்விட்டின் கேட் வழியாக உள்ளே திருப்பினாள்.

அங்கே புல்கட்டு ஏற்றிய சிவப்பு வண்டியின் பக்கத்தில், புதுத் தொப்பியோடு ஆர்விட் நின்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தார். கேட்பதற்கு இரண்டு காக்கைகள் இருந்தன.

இருநூறு மாடுகள் வெர்னாவின் பின்னால் வரிசையாக வருவதை அவர் பார்த்தார்.

"அது என் மாடா?"

"நான் விசாரிக்கல. உங்க சூடு போட்டிருக்கு."

"ஹார்ன் அடிச்சியா?"

"விரட்டலாம்னு."

ஆர்விட் ஹார்னிலிருந்து கையை எடுத்தார்.

"வண்டியத் திருப்பிக் குடுத்துரு. குடுத்ததுக்கு மேலயே தர்றேன்."

"முடியாது."

"ரெண்டே வாரத்துக்கு."

"மூணு மணிக்குப் பை போகலேன்னா ரூட் போச்சு ஆர்விட். ரூட் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவோம்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். எம்மெட்டைப் பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி மட்டும் அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. மாடுகளைப் பார்த்தார். மார்ச்சில் கன்று போட வேண்டியவை, காலையிலிருந்து வெறும் வயிறு.

"அப்ப என்னதான் பண்றது?"

"உங்க புல்லுக்கட்டெல்லாம் என் வண்டிக்கு மாத்துங்க. நான் மெதுவா ஓட்டுறேன், நீங்க பின்னாடி ஏறி நின்னு புல்லைக் கீழ தள்ளுங்க. உங்க பண்ணையாள் சிவப்பு வண்டிய பின்னாலேயே ஓட்டிட்டு வரட்டும். மாடு அதையும் பாத்துப் பழகட்டும்."

"பின்னாடி... நானா?"

"வண்டி என்னுது. ஓட்டுறது நான்."

தபால் பை முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தது. மாவட்டச் சங்கத் தலைவர் பின்னால் நின்று, முதல் குலுக்கலில் புதுத் தொப்பியையும், இரண்டாவதில் கொஞ்சம் கம்பீரத்தையும் இழந்தார். ஆனால் கட்டுகளைப் பிரித்துத் தள்ளும் கை பழகிய கை. வண்டிக்குப் பின்னால் நீளமாக ஒரு புல் கோடு விழ, மாடுகள் அதன் இரண்டு பக்கமும் அமைதியாக நின்றுகொண்டன.

முடித்தபோது மணி பதினொன்று ஆகப் போனது. ஆர்விட் தாடியெல்லாம் புல்லாக ஜன்னலருகே வந்தார்.

"நாலு புல்லுக்கட்டை எறக்காம விட்டிருக்கேன். காலி வண்டி ஏத்தத்துல வால ஆட்டும். கனம் வேணும். அப்புறம் முன் அச்சைக் கியர் போட்டு அடிவாரத்துலயே சேத்துரு, பாதி மலையில சேக்கப் பாக்காத. கியர் விழலேன்னா ஒரு ரெண்டடி பின்னாடி விட்டு அழுத்து. அது அப்படித்தான், பிடிவாதம் பிடிக்கும்."

"நீங்க மாட்டினதாச்சே, உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் கையுறையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார். "மாட்டினது ஹாங்க். நான் விளக்குப் பிடிச்சேன்."

"நல்லாத்தான் பிடிச்சிருக்கீங்க. வெல்டிங் நேரா இருக்கு."

ஆர்விட் கேட்டைத் திறந்துவிடப் போனார். கிழக்கு ஓரத்தில் 'உள்ளே வந்தால் சுடப்படும்' என்று அவரே எழுதி மாட்டிய பலகையும் ஒரு கேட்டும் உண்டு. அந்த வழியாகப் போனால் ஏற்றத்துக்கு ஐந்து மைல் குறையும். பலகையோடு சேர்த்து அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அடிவாரத்தில் கியர் விழவில்லை. வெர்னா இரண்டடி பின்னால் விட்டு அழுத்தினாள். தரைக்கடியில் யாரோ கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம். பிறகு வண்டி ஏறியது. வேகமாக இல்லை, யோசித்து யோசித்து ஏறியது. மூன்று முறை கார் திரும்பி வந்த வளைவில் பின்பக்கம் ஒருதரம் சரிந்தது, முன்சக்கரங்கள் பனியைக் கடித்து இழுத்துக்கொண்டன. வெர்னா உச்சிக்கு வந்துவிட்டாள். வண்டியின் முகப்பை இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தாள், பசுவைத் தட்டுவது போல.

மலைக்கு அந்தப் பக்கம் பதினேழு வீட்டுத் தபால் பெட்டிகள். எல்லாவற்றிலும் போட்டு, எடுக்க வேண்டியதை எடுத்து, டிரை ஃபோர்க் போஸ்ட் ஆபீஸில் பையை வைத்தபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. பஸ் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. கிளைட் கடிகாரத்தைப் பார்த்தார், பையிலிருந்து ஒரு புல்லை உருவினார், கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"ஏத்தம் ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"அப்ப இவ்வளவு நேரம் ஆனது ஏன்?"

"நாளையிலேர்ந்து ரெண்டு வாரத்துக்கு அரை மணி முன்னாடியே பையக் கட்டி வச்சிருங்க கிளைட்" என்றாள் வெர்னா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "வழியில எரநூறு பேருக்குச் சாப்பாடு போட்டுட்டுப் போகணும்."