குடிசனமதிப்புக்கு வந்த சேர்

குணமணி பள்ளிக்கூடம் போகாமல் அன்றோடு ஒன்பது நாள். அந்த வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பிள்ளை அவள். "அந்தச் சேரின்ர வகுப்புக்குப் போகமாட்டன்" என்று ஒரே பிடியாக நின்றாள். தாய் தங்கமுத்து கெஞ்சிப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள், ஈர்க்கிலால் இரண்டு கொடுத்தும் பார்த்தாள். கல்லில் நார் உரித்த கதைதான்.

நடந்தது இதுதான். சிவகுருநாதன் சேர் கரும்பலகையில் போட்ட கணக்கு பிழை என்று பிள்ளை எழும்பிச் சொல்லியிருக்கிறாள். கணக்கும் பிழைதான், அதுதான் மனுசனுக்குச் சுட்டிருக்கும். "வேடச்சிக்கு என்னடி கணக்கு? காட்டில போய்த் தேன் எடு" என்றாராம். வகுப்பே சிரித்ததாம்.

தங்கமுத்துவுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. வெருகல் முருகன் கோயில் திருவிழாவில் 'வள்ளியம்மன் பிறந்த குலமெல்லோ' என்று அவளிடம் கைகூப்பிக் கதைக்கிறவர்கள் உண்டு. அதே ஆட்கள் மூதூர்ச் சந்தையில் அவள் மீன் கடகத்தை இறக்கினால், வேடச்சியின் மீன் என்று இரண்டடி தள்ளி நின்றுதான் விலை கேட்பார்கள். பிறந்தது கரையோர வேடர் குடியில்தான்; ஆனால் அவள் பேசுவது தமிழ், கும்பிடுவது முருகன், கடலுக்குப் போகிற புருசன் செல்லத்தம்பியும் அப்படியே. பிறகு தான் யார் என்பது அவளுக்கே பிடிபடவில்லை.

அந்த ஒன்பதாம் நாள் சேர் வீட்டுக்கே வந்தார். பிள்ளையைத் தேடி அல்ல. எண்பத்தொன்றாம் ஆண்டு குடிசனமதிப்பு அது. வீடுவீடாக ஆள் எண்ண அரசாங்கம் ஆசிரியர்மாரைப் பிடித்து அனுப்பியிருந்தது. திங்கட்கிழமைகளில் திருகோணமலையிலிருந்து லோஞ்சுப் படகில் மூதூருக்கு வந்து, பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் சேருகிற மனிதர், முதல் தடவையாக அவளுடைய வளவுக்குள் காலெடுத்து வைத்தார். வீட்டிலிருந்த ஒரே கதிரையைத் தங்கமுத்து துடைத்துப் போட்டாள்.

"இருக்கிறன், இருக்கிறன். நீங்கள் கரைச்சல்படாதேங்கோ" என்றார் சேர்.

நீங்கள்! தேர்ச்சி அறிக்கையில் கைநாட்டு வைக்கப் போனபோது "இதில வை" என்று விரலைக் காட்டிய அதே வாய். தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று தங்கமுத்து திரும்பிப் பார்த்தாள்.

பெயர், வயது, கூரை கிடுகா ஓடா, கிணறு உண்டா என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சேர் பென்சிலை ஒரு கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். "இனம்... தமிழர்" என்று தானே சொல்லித் தானே எழுதப் போனார்.

"பொறுங்கோ சேர். நாங்கள் தமிழரோ?"

"இதென்ன கேள்வி? தமிழ்தானே கதைக்கிறீங்கள்."

"அப்ப ஏன் என்ர பிள்ளையை வேடச்சி எண்டு பேசினனீங்கள்?"

சேரின் முகம் கறுத்துப் போனது. "அது கோபத்தில வாயில வந்த சொல்லு. இது அரசாங்கப் பதிவு. இந்த மாவட்டத்தில எங்கட தொகை எப்பிடிக் குறைஞ்சுகொண்டு போகுது எண்டு உங்களுக்குத் தெரியாது. ஒரு தலையையும் தவறவிட ஏலாது."

எங்கட என்கிறார். அந்தச் சொல் அவளுக்கு இனித்தது. இனித்ததே வெட்கமாகவும் இருந்தது. வகுப்பில் சேராத தலை கடதாசியில் மட்டும் எப்படிச் சேர்ந்தது? அதைக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கடகம் சுமந்து பேரம் பேசிப் பழகியவள் அல்லவா?

"எழுதுங்கோ சேர். ஆனா வகுப்பிலயும் அப்பிடியே இருக்கவேணும். பிள்ளைக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்கோ."

குணமணி வந்து கதவோரம் நின்றாள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேலேயே துடைத்தார்.

"நான் அப்பிடிச் சொன்னது பிழை. கணக்கும் நீ சொன்னதுதான் சரி. நாளைக்கு வா பிள்ளை."

பிள்ளை கதவைவிட்டு முன்னால் வந்தாள். "வாறன் சேர்."

தங்கமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சேரோடு வேலிவரை கூடவே நடந்தாள். இனி இவரும் தானும் ஒரே ஆட்கள் என்ற நினைப்பு அவளை ஒரு முழம் உயர்த்தி வைத்திருந்தது.

"பக்கத்துக் கொட்டில்ல ஆர் இருக்கினம்?" என்று கேட்டார் சேர்.

"அங்க போய் என்னத்தை எண்ணப் போறீங்கள் சேர்? அது ஒரு தோட்டக்காட்டுச் சனம்."

வேலிக்கு அப்பால் செவனம்மா நின்றிருந்தாள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்த லயம் எரிய, கைக்கு அகப்பட்டதோடு ஓடிவந்தவள். தங்கமுத்து சந்தைக்குப் போகிற நாட்களில் குணமணிக்குத் தலை பின்னிவிடுகிறவளும் அவள்தான். எண்ண வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொட்டு வைத்து, தன் கடதாசிகளை ஒரு பையில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி காத்து நின்றாள்.

"ஆமாங்க சார், நாங்க தோட்டத்து ஆளுங்கதாங்க" என்று சிரித்தாள். "எங்களையும் எழுதுவீங்களா?"

சேர் படலையைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனார். தங்கமுத்து திரும்பினாள். முற்றத்தில் குணமணி நின்றாள், கண் செவனம்மாவின் கொட்டில் பக்கம்.

"சட்டையைத் தோய்ச்சுப் போடு பிள்ளை. நாளைக்குப் போகவேணும்."

"நான் போகேல்ல."

"ஏன்டி? தான் செய்தது பிழை எண்டு அவர் ஒத்துக்கொண்டிட்டார் எல்லோ?"

"ஓம்" என்றாள் குணமணி. "அவர் ஒத்துக்கொண்டவர்."

தங்கமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் எரிந்தது. வேலிப் பக்கம் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். யாரிடம் முதலில் போவது, போய் என்ன சொல்வது என்று தெரியாமல் நடு முற்றத்தில் நின்றாள்.