வாளிச் சத்தம்

கூண்டிலிருந்து முதல் வாத்தைத் தூக்கியபோது அக்காளின் கை ஒரு கணம் தயங்கியது. தரையில் வளர்ந்த வாத்து அவ்வளவு லேசில் கையில் அடங்காது. இறக்கையை அடிக்கும், காலால் உந்தும், முகத்தில் சேற்றை அப்பி ஆளை ஒரு வழி பண்ணிவிடும். இதுவோ துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடந்தது. பயந்துபோயிருக்கிறது பாவம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

தம்பி கூண்டு போட்டதிலிருந்து அவளும் அவனும் பேசிக்கொள்வது தீவனம், தண்ணீர், தடுப்பூசி என்ற அளவில் நின்றுபோயிருந்தது. அதற்கு முன்னால் வாத்துகள் அவள் பொறுப்பு. உமி பரப்பிய தரைக் கொட்டகை, பின்னால் ஒரு சரிவு, சரிவின் அடியில் குட்டை. காலையில் கதவைத் திறந்து இரும்பு வாளியைத் தட்டினால் போதும், மொத்தக் கூட்டமும் முட்டித் தள்ளிக்கொண்டு ஓடித் தொப்புத்தொப்பென்று தண்ணீரில் விழும். தம்பி அதையெல்லாம் சேறு, நாற்றம், நோய் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டான். மூன்றடுக்குக் கம்பிக் கூண்டு வந்தது, குஞ்சிலிருந்தே அதில் வளர்கிற வாத்துகள் வந்தன. முட்டை தானாக உருண்டு வெளியே வந்தது. சுத்தமான முட்டை, கெட்டியான ஓடு. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் உள்ளே வாத்துகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒன்று திரும்ப வேண்டுமென்றால் இன்னொன்றின் மேல் ஏறித்தான் திரும்ப வேண்டும். அக்காள் விடுவாளா? உட்கார்ந்தால் நின்றால் அதே பேச்சு. புதுக் குஞ்சுகள் வந்து இறங்கும் நேரம் நெருங்கியபோது அவனே வெறுத்துப்போய் இறங்கிவந்தான்.

“சரிக்கா. மேலடுக்குல இருக்கறத மட்டும் கீழ விடு. நல்லபடியா இருந்துச்சுன்னா கூண்டப் பிரிச்சிடறேன், குஞ்சையெல்லாம் நீ தரையிலயே வளத்துக்க. இல்லேன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுடணும்.”

“விட்டுடறேன்டா,” என்றாள் அக்காள். தோற்போம் என்ற நினைப்பு அவளுக்குத் துளியும் இல்லை.

இப்போது இறக்கிவிட்ட வாத்துகள் கொட்டகையின் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. காலை எடுத்து வைத்தால் உமி சரிந்தது, உடனே பின்வாங்கின. “என்ன மகாராணி, நடக்கச் சொன்னா மொறைக்கிறீங்க?” என்று அக்காள் கொஞ்சினாள். சிரித்தது தம்பி பெண்டாட்டி மட்டும்தான். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்திருந்தான்.

“இதுங்க எங்க நடக்கப்போவுதுக்கா.”

அது சுருக்கென்று தைத்தது. “நடக்காம? இப்பப் பாரு,” என்று மூலையில் கிடந்த வாளியை எடுத்தாள். பின்பக்கம் சரிவின் அடிக்கு இறங்கிப் போய்க் கட்டையால் ஓங்கித் தட்டினாள்.

கூண்டிலும் தீவனத்துக்கு அதே வாளிதான். எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. அப்புறம் ஓடின. ஐயோ, என்ன ஓட்டம்! பிறந்ததிலிருந்து ஓடாததையெல்லாம் சேர்த்துவைத்து ஓடுகிற மாதிரி. அக்காளுக்கு ஒரு நொடி நெஞ்சு நிறைந்துபோனது. முன்னால் போனவை சரிவில் கால் வைத்தன. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. விழுந்தவற்றின் மேல் பின்னால் வந்தவை விழுந்தன. அக்காளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாளி நழுவிக் கல்லில் மோதி மறுபடியும் கணகணவென்று அடித்தது. அந்தச் சத்தத்துக்கு மீதியும் ஓடிவந்தன.

தம்பி இறங்கி ஒன்றை எடுத்துக் காலைத் தடவினான். கால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியது.

“கூண்டுல ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவலியேக்கா.”

“அதுல அடைச்சு வச்சதாலதாண்டா ஒடியுது! மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா என்ன சொன்னாங்க? நடமாட்டம் இல்லாத எலும்பு உளுத்துப்போவும், இருக்கிற சத்தையும் முட்டை ஓடு இழுத்துக்கும்னு சொன்னாங்களா இல்லியா?”

“சொன்னாங்க. தெரிஞ்சுதான வாளியத் தட்டுன?”

அக்காள் குனிந்து வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள். டாக்டரம்மா சொன்னதைத் தம்பியிடம் நூறு தடவை ஒப்பித்தவள் அவள்தான். நாலு நாள் உமியில் விட்டு, மெள்ளப் பழக்கி, சரிவுக்குப் பலகை போட்டு இறக்கியிருக்கலாம். தம்பி பார்க்கிறானே என்ற வீம்பு அதையெல்லாம் மறைத்துவிட்டது.

“பேசுன பேச்சு பேச்சுதான்,” என்றான் அவன். குரலில் ஜெயித்த களை இல்லை, சலிப்புதான் இருந்தது. “குஞ்சு கூண்டுக்குத்தான் போவும்.” பிறகு சரிவில் குனிந்து, கிடந்தவற்றின் கழுத்தை ஒவ்வொன்றாகத் திருக ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கைப் பிடித்தாள்.

ஒன்று மட்டும் எப்படியோ தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

“அண்ணி, அதையும் கொண்டாரச் சொல்றாரு,” என்றாள் தம்பி பெண்டாட்டி.

அக்காள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாள். ஒரு கால் பின்னால் துவண்டு மிதந்தது. இன்னொரு கால் துடுப்புப் போட, வாத்து நேராகப் போக முடியாமல் ஒரே இடத்தில் வட்டமடித்தது. கையெட்டும் தூரம்தான். அது தலையைத் தண்ணீருக்குள் முக்கியது, எடுத்தது, முதுகில் வாரி இறைத்துக்கொண்டது. மறுபடியும் முக்கியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“அக்கா!” என்று மேலிருந்து தம்பி கூப்பிட்டான்.

அக்காள் கையை நீட்டியபடியே நின்றாள். வாத்து இன்னொரு சுற்று வந்து, கழுத்தை வளைத்து, முதுகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.