கால்மாட்டில் ஒரு வரிசை

போதகரின் மகள், அவர் ஊழியம் செய்த நாட்டில் காய்ச்சல் கண்டு இறந்து, ஆலயத்துக்குப் பின்னால் அடக்கம் செய்யப்பட்டாள். மறுவருடம் அவரும் மனைவியும் மூன்று மாத ஓய்வுக்கு மனைவியின் நாட்டில் வந்து இறங்கியபோது, பெட்டிகளுக்குப் பின்னால் மகளும் செருப்பைக் கையில் பிடித்தபடி கப்பலை விட்டு இறங்கினாள். அழைத்துப்போக வந்த மனைவியின் அண்ணன், மருமகள் இப்படி இளைத்துவிட்டாளே என்று குறைப்பட்டாரே தவிர, ஆச்சரியப்படவில்லை. மனைவியின் நாட்டில் யாருக்கும் குழந்தை இறந்தது தெரியாது. காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு நல்ல செய்தியை மட்டும் சொல்வது ஊழியக்காரர் வீட்டுப் பழக்கம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அம்மா தள்ளிப்போட்டதில், பெண் அங்கே சாகாமலே இருந்துவிட்டாள்.

மூன்று மாதம் மூன்று வருடமானது. அண்ணன் வீட்டு மாடியில், துணி காயும் கொடிக்குக் கீழே மூன்று கட்டில் போட்டார்கள். பெண்ணுக்குப் பல் விழுந்து முளைத்தது. கணக்கில் தோற்று அடியும் வாங்கினாள். போதகர் சபை சபையாகப் போய் ஊழியத்தின் படங்களைத் திரையில் காட்டினார், ஆலயத்தின் பின்புறம் தெரியும் ஒரே ஒரு படத்தை மட்டும் தாண்டிவிடுவார். போதகர் மச்சான் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டார் என்று தெருவில் சிரித்தார்கள். அதை அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் கடலுக்கு அப்பால் அவருடைய சபையில் ஜெபம் சொல்ல ஆளில்லாமல் பிள்ளைகளைப் புதைக்கிறார்கள் என்ற செய்தி வந்தபடியே இருந்தது. அது அவரைத் தின்றது. கடைசியில் பயணத்துக்கு நாள் குறித்தார்.

கப்பலின் முதல் படியில் கால் வைத்ததும் பெண்ணின் நகங்கள் நீலமாயின. இரண்டாம் படியில் காய்ச்சல் கொதித்தது, அதே காய்ச்சல். அம்மா அவளை வாரிக்கொண்டு தரைக்கு ஓடினாள். தரையில் காய்ச்சல் விட்டது.

"கர்த்தரோட சித்தம்னு ஒண்ணு இருக்கும்மா," என்றார் போதகர்.

"உயிர்த்தெழுதலைப் பத்தி ஊர் ஊராப் பேசினவர் நீங்க. எழுந்து வந்தவளைத் திரும்பப் படுக்கச் சொல்றதும் நீங்கதானா?" என்றாள் மனைவி.

அவர் மகளைக் கட்டிக்கொண்டு, பார்க்கிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதார். பிறகு தனியாகக் கப்பலேறினார்.

அங்கே குழி வெட்டுகிற கிழவர் அவரை நேரே கல்லறைக்குக் கூட்டிப்போனார். கால்மாட்டில் சிமெண்ட் பிளந்திருந்தது.

"நீங்க போனதுலேருந்து இப்படித்தான் வெடிக்குதுங்கய்யா. உள்ள கால் நீட்ட இடம் பத்தலை போல."

இருவருமாக ஒரு வரிசை செங்கல் கூட்டிப் பூசினார்கள். அடுத்த வருடமும் வெடித்தது, அடுத்த வருடமும் பூசினார்கள். கவுன் மறுபடி குட்டையாகிவிட்டது என்று மனைவி தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம், தெரியும் என்பார் அவர். மகளின் கால்மாட்டில் தனக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த இடம் வருடத்துக்கு ஒரு வரிசையாகக் குறைந்துகொண்டே வந்தது. அவர் சுவரோரமாக வேறு இடம் பார்த்துக்கொண்டார்.