இரண்டு மெஷினும் ஒரு பூட்டும்

அன்று மத்தியானம் அந்தத் தகரக் கொட்டகையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரன் கலியாணசுந்தரம். அவன் மனைவி பாக்கியலட்சுமி. அவளுடைய தம்பி பொன்னுதுரை, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன். மலாக்கா பண்டார் ஹிலிரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாலும் கணக்கில் சேர்க்க வேண்டிய பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி, நல்லபெருமாள் பிள்ளை. தமிழ் சொன்னால் அவருக்குப் புரியும். வாயைத் திறந்தால் மலாய்தான். இவர்களைத் தவிர இரண்டு மெஷின்கள். ஒன்று கரண்டில் ஒட்டுவது, மற்றது கேஸில் ஒட்டுவது. ஹமீது இரண்டையும் இறக்கி வைத்திருந்தார். பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்; மற்றது சாயங்காலமே கடைக்குத் திரும்பிவிடும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா கிடைத்து ஒரு வருஷம் முடியப்போகிற சமயம். அவர்கள் குடியிருந்த காஜா பெராங்கில் எல்லா வாசலிலும் யாராவது ஒருவர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கலியாணசுந்தரம் பேசவில்லை. பல வருஷம் ஐஸ் பேக்டரியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் அவன். ஒருநாள் விடியும் நேரத்தில் மேஸ்திரி வேலை பார்க்கும் மண்டோர் ஏதோ சொல்ல, கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது முனிசிபாலிட்டியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அவனுக்கு வழி சொல்வார், வீட்டில் மனைவி சொல்வாள், வெளியே மச்சினன் சொல்வான். கொட்டகைக்குள் மட்டும் வழி சொல்ல ஆளில்லை. அதனாலேயே அந்த இடம் அவனுக்கு வேண்டியிருந்தது.

அங்கே இரண்டு பழைய சைக்கிள் சட்டங்கள் கிடந்தன. ஒன்றின்மேல் இன்னொன்றை நிறுத்தி ஒட்டி, வேலிக்கு மேலே தலை தெரிகிற உயரத்துக்கு ஒரு சைக்கிள் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. அதனால் ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவனுக்கும் இல்லை.

கொட்டகையின் கதவு மட்டும் பொன்னுதுரை செய்து கொடுத்தது. கதவோடு ஒரு பித்தளைப் பூட்டும் கொண்டுவந்தான். அதற்கு இரண்டு சாவி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைத் தன் கொத்தில் மாட்டிக்கொண்டான். "எங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும் மாமா, அவசரத்துக்கு" என்றான். என்ன அவசரம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

"இதுல யோசிக்க என்னா மாமா இருக்கு?" பொன்னுதுரை கரண்டுப் பெட்டியின் முதுகில் தட்டினான். "இது மெஷினு. அது அடுப்பு. கார்பைட் கல்லத் தண்ணியில போட்டு நாத்தம் புடிக்க வச்சி, அப்புறம் ஒட்டணும். பையனுங்க மூங்கில்ல போட்டு வெடிப்பானுங்களே, அதே கல்லுதான்."

"ரெண்டுமே நல்ல சாமான்தான்" என்றார் ஹமீது. "நான் யாரு பக்கமும் இல்லப்பா. எது தங்குனாலும் எனக்கு யாவாரம்."

"பாய், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"சும்மாதானே இருக்கேன். வெயில்ல வெந்துகிட்டு சும்மா இருக்கேன்."

பாக்கியலட்சுமி தம்பி பக்கம். "ஏங்க, அவன் தொழில் தெரிஞ்சவன். அவன் சொல்றத எடுத்துக்குங்களேன். நாலு இரும்பு கேட்டு, நாலு ஜன்னல் கம்பின்னு வேலை வரும்."

"வேலைக்கு வாங்கல" என்றான் கலியாணசுந்தரம்.

"பின்ன எதுக்கு?"

"எனக்கு."

இந்தப் பதில் அங்கே யாருக்கும் விளங்கவில்லை. வயலின் வாங்குகிறவனைக் கேள்வி கேட்காத ஊர், வெல்டிங் மெஷின் வாங்குகிறவனிடம் கணக்குக் கேட்கும்.

"சரி, ஒட்டிக் காட்டு" என்று சைக்கிள் சட்டத்தை நீட்டினான் கலியாணசுந்தரம்.

பொன்னுதுரை வீட்டிலிருந்து வயர் இழுத்து, ஒட்டுக் குச்சியை மாட்டி, கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சட்டத்தின் பைப்பைத் தொட்டான். படபடவென்று வெள்ளை வெளிச்சம் தெறித்தது. அதே நொடியில் பக்கத்து வீட்டு ரேடியோ முனகி அடங்கியது.

"ரேடியோ மாத்தி லா!" வேலிக்கு மேலே நல்லபெருமாள் பிள்ளையின் தலை எழுந்தது. ரேடியோ செத்துப்போச்சு என்று மலாயில் சொல்லிக் கைகளை விரித்துக் காட்டினார்.

பைப்பில், ஒட்டு விழவேண்டிய இடத்தில், விரல் நுழைகிற அளவுக்குப் பொத்தல்.

"பைப்பு ரொம்ப மெலிசு மாமா" என்றான் பொன்னுதுரை. வெட்கப்படவில்லை. "இந்த மெஷினுக்கு கனமான இரும்பு வேணும். சைக்கிள விடுங்க. லாரி சட்டம் மாதிரி ஏதாச்சும் குடுங்க, தண்ணி மாதிரி ஒட்டிக் காட்டுறேன்."

"எங்கிட்ட லாரி இல்லியே."

"எங்கிட்ட இருக்குல்ல?" பேச்சு தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. "கரண்டுக்காரன்கிட்ட சொல்லிட்டேன், தனி வயர் இழுத்துக் குடுப்பான். அந்தப் பக்கத்து வேலிய மட்டும் எடுத்துட்டா லாரி பின்னால வந்து நிக்கும். பட்டறையில எடம் பத்தல மாமா. காலையில எங்க ஆளுங்க வருவாங்க, நீங்க வேலைக்குப் போயிருப்பீங்க, ஒரு தொந்தரவும் இல்ல. சாவிதான் எங்கிட்ட இருக்கே."

கலியாணசுந்தரம் மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அவன் கேஸ் மெஷினிடம் போனான். அதன் டிரம்மில் தண்ணீர் விட்டு கார்பைட் கல்லைப் போட்டான். அழுகல் வாடை கொட்டகையை நிறைத்தது. "பாவு பூசோக்!" என்று வேலிக்கு அப்பால் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டார். குழாயின் நுனியில் தீக்குச்சியைக் காட்டியதும் மஞ்சளாக ஒரு சுவாலை எழுந்து, கரி நூல் நூலாகப் பறந்தது. பாக்கியலட்சுமி வாசல்வரை ஓடினாள். அவன் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தான். டப்பென்று வெடித்து அணைந்தது.

பொன்னுதுரை தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, தீவாளி வந்துருச்சி!"

மறுபடி பற்றவைத்தான். மறுபடி டப். ஹமீது வாயைத் திறந்தார். பொன்னுதுரை முறைத்ததும் மூடிக்கொண்டார். மூன்றாவது முறை சுவாலை சீறி நின்றது. நுனியில் நீலமாக ஒரு சின்ன முள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டங்களைச் சேர்த்து நிறுத்தி, கம்பியை உருக்கி விட்டான். உருக்கு ஒரு பக்கம் வழிந்தது, ஒரு பக்கம் திரண்டது. முடித்தபோது அந்த இடம் கொப்புளமாக இருந்தது.

"இது என்னா மாமா, ஒட்டா, கோழி எச்சமா?"

"கோழி எச்சந்தான்" என்றான் கலியாணசுந்தரம். "என் கோழி."

சட்டத்தைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தான். விடவில்லை. இன்னொரு தடவை அடித்தான். அப்போதும் விடவில்லை.

"இது தங்கும் பாய். அந்தப் பெட்டி போவட்டும்."

"ரெண்டும் இருக்கட்டும் மாமா" என்றான் பொன்னுதுரை. "கரண்டுப் பெட்டிய நானே வாங்கிக்கிறேன். அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும்."

"கெடக்காது. சாவியக் குடு."

"என்னா மாமா, வெளையாடுறீங்களா? மேல ஏறி ஊரப் பாக்க ஒரு சைக்கிளு, அதுக்கு ஒரு கொட்டா. கேட்டா சிரிப்பாங்க. மேல ஒக்காந்து அப்படி என்னாத்தப் பாக்கப் போறீங்க?"

"ஒண்ணும் பாக்க வேணாம். மேல இருந்தாப் போதும். சாவியக் குடு."

"குடுக்க மாட்டேன். கதவே நான் செஞ்சது."

"ஏங்க, விடுங்க, எங்கூடப் பொறந்தவன்" என்று பாக்கியலட்சுமி குறுக்கே வந்தாள்.

கலியாணசுந்தரம் அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. கொண்டியில் திறந்து தொங்கிய பித்தளைப் பூட்டைக் கழற்றினான். செங்கல்மேல் வைத்தான். மறுபடி பற்றவைத்துச் சுவாலையை அதன்மேல் திருப்பினான். பூட்டு முதலில் கறுத்தது. பிறகு சிவந்தது. வெள்ளைப் புகை கிளம்பி எல்லோரையும் இரும வைத்தது. அப்புறம் பித்தளை வியர்த்து, சரிந்து, சாவித்துளை இருந்த இடத்தில் ஓடி உறைந்தது.

சுவாலையை அணைத்துவிட்டு, "இப்ப வச்சிக்க சாவிய" என்றான்.

பொன்னுதுரையின் முகத்தில் சிரிப்பு இல்லை. "அக்கா, பாத்துக்க. இனிமே இந்த வூட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

"மிதி. வூட்டுக்கு வா, சோறு தின்னு. கொட்டாய்க்கு வராதே."

ஹமீது இருமிக்கொண்டே வெளியே போனார். வாசலில் நிறுத்தியிருந்த தன் காடியிலிருந்து புது இரும்புப் பூட்டு ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். "யாரு பக்கமும் இல்ல" என்றார் மறுபடியும். "பூட்டும் யாவாரந்தான்."

கரண்டுப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு அதை ஹமீதும் கலியாணசுந்தரமும் சுமந்து வெளியே வைத்தார்கள். பொன்னுதுரை கை கொடுக்கவில்லை, உள்ளேயே நின்றான். வேலிக்கு அப்பால் ரேடியோ திரும்பவும் பாடத் தொடங்கியது.

பாக்கியலட்சுமி புதுப் பூட்டில் தொங்கிய இரண்டு சாவிகளைப் பார்த்தாள். "எனக்காச்சும் ஒண்ணு குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"உள்ள இருக்கும்போது சாப்புடக் கூப்புடணும்னா?"

"கதவத் தட்டு. தொறக்கிறேன்."

அவள் அவனை முறைத்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, "வாடா வெளிய. டீ ஆறுது" என்று அதட்டிவிட்டு அடுப்படிக்கு நடந்தாள்.

பொன்னுதுரை தான் செய்த கதவை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். அவன் குதிகால் நிலைப்படியைத் தாண்டியதும் கலியாணசுந்தரம் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியில் பூட்டை மாட்டி அழுத்தினான். இரண்டு சாவிகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டான்.