முதுகுக்குப் பின்னால் நின்றவர்

சின்னவருக்கு அது முதல் தடவை நடந்தது ஒரு சனிக்கிழமை காலையில். குளியலறையில் நின்று சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார். முடியும் தறுவாயில் பிடரி சில்லிட்டது. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. சட்டை நனையும் அளவுக்கு வியர்த்து, நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்று அவருக்குத் தெரிந்தது. சந்தேகம் இல்லை, தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். கொடியில் இரண்டு துண்டுகள், ஒரு வாளி, சாத்திய கதவு. சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். எல்லாம் வந்த மாதிரியே வடிந்துவிட்டது.

நின்றது யார் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் அதே தரையில்தான் அவருடைய அண்ணன் விழுந்து கிடந்தார். தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போனவர் சின்னவர்தான்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே கம்பெனியில் லிப்ட் மெக்கானிக்குகள். அங்கே எல்லோருக்கும் அவர்கள் பெரியவர், சின்னவர். அந்தப் பெயரே வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பெரியவர் போனபோது வயது நாற்பத்தொன்று. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணியும் பதினோரு வயது மகளும் தனியாக இருக்க வேண்டாம் என்று சின்னவரும் மனைவியும் அந்த வீட்டுக்கே குடிவந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் வீட்டின் நான்கு அறைகளிலும் எல்லோருக்கும் மகளாக வளர்ந்தாள். இப்போது கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். சின்னவருக்குப் போன மாதம்தான் நாற்பத்தொன்று முடிந்தது.

அண்ணன் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த ஒன்றை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஓர் அலுவலகக் கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருவரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றார் பெரியவர்.

"சொல்லுண்ணே."

"ஒண்ணுக்குப் போனா யாரோ பின்னாடி வந்து நிக்கிற மாதிரி இருக்குடா. உசுரே போயிடும் போல இருக்கு."

சின்னவர் சிரித்தார். "அண்ணி வேவு பாக்குறாங்களோ என்னமோ" என்றார். அதோடு விட்டிருக்கலாம். மதியச் சாப்பாட்டில் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குப் பெரியவர் எழுந்து போனாலே யாராவது, "துணைக்கு வரட்டுமா?" என்று கேட்டார்கள். பெரியவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது அண்ணன் வந்திருக்கிறார் என்று சின்னவர் நம்பினார். நீ சிரித்தாயே, இப்போது நீயே பார் என்று.

வீட்டில் மட்டும் என்றால் வீட்டை மாற்றலாம். அண்ணன் வேலையிடத்துக்கும் வந்தார். பளிங்கு பதித்த கழிப்பறைகளிலும், கட்டி முடிக்காத மாடிகளின் தகரத் தடுப்புகளிலும் வந்து நின்றார். எல்லாத் தடவையும் இல்லை. அடக்கி வைத்திருந்து போனால் தப்பவே முடியாது. சின்னவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். உதடு வெடித்தது. ஒருநாள் கழிப்பறையிலிருந்து வந்த கையோடு லிப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறினார். விரல்கள் வியர்வையில் வழுக்கின. பிடித்திருந்த ஸ்பானர் நழுவி ஏழு மாடி கீழே போய் விழுந்த சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே ஆள் இல்லாதது யார் செய்த புண்ணியமோ. சூப்பர்வைசர் ஒன்றும் திட்டவில்லை. மறுநாளிலிருந்து ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டார்.

வீட்டில் அவர் குளியலறைக் கதவைச் சாத்துவதை நிறுத்தியிருந்தார்.

"ஏங்க, கதவைத் திறந்து போட்டுட்டுப் போறீங்க?" என்றாள் மனைவி.

"காத்து வரட்டும்னு."

"ஒம்பது வருஷமா வராத காத்தா இப்ப வருது?"

அவள் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார் டாக்டர். சரியாக இருந்தது. "எதையோ மனசுல போட்டுக் குழப்பிக்கிறீங்க" என்று தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமாக மாத்திரை எழுதினார். சின்னவர் அதை விழுங்கினார். அண்ணன் மாத்திரைக்கெல்லாம் மசியவில்லை.

நான்காம் மாதம் சிறுநீரில் ரத்தம் வந்தது. அதைப் பார்த்ததும் சின்னவருக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது. ரத்தம் என்றால் வெளியே சொல்லலாம். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்ப்பையின் சுவரில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்து, என்ன ஜாதிக் கட்டி என்று பார்ப்பதாகச் சொன்னார் சர்ஜன். இந்த மாதிரி தினம் இரண்டு பண்ணுகிறேன் என்றும் சொன்னார்.

அன்று நடந்ததை மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அரை மணி நேர வேலை என்று உள்ளே கொண்டுபோனவரைப் பத்து நிமிடத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட்டினார்கள். கருவி கட்டியைத் தொட்டதும் ரத்த அழுத்தம் இருநூற்று ஐம்பதைத் தாண்டியிருக்கிறது. "கையை எடுங்க, உடனே எடுங்க" என்று நிறுத்தியவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா. சர்ஜன் கையை எடுத்ததால் சின்னவர் பிழைத்தார்.

மறுநாள் காலை அந்த டாக்டரம்மா கட்டிலருகே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார்.

"ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணுக்குப் போகும்போது உங்களுக்கு என்ன ஆகும்?"

இத்தனை மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சின்னவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பிடரி, நெஞ்சு, வியர்வை, பின்னால் நிற்பவர். நிற்பவர் யார் என்பதையும் சொல்லிவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேல்கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். நூற்று முப்பது. குழாயை எடுத்துவிட்டு, சிறுநீர் சேரும்வரை காத்திருந்து, கழிப்பறை வாசலில் நர்ஸை நிறுத்தி அவரைப் போகச் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி பார்த்தார். இருநூற்றிருபது.

"வந்தாரா?" என்று கேட்டார்.

"வந்தார் டாக்டர்."

"அந்தக் கட்டிதான் அது. ரொம்ப அபூர்வமா வர்றது. நானே புத்தகத்துல படிச்சதுதான், நேர்ல பார்த்ததில்ல. பாம்பைப் பார்த்தா உடம்பு ஒரு நீர் சுரக்கும் பாருங்க, நெஞ்சு அடிச்சுக்கும், வேர்க்கும். அந்த நீரை இது தானாவே சுரக்குது. பை சுருங்கும்போதெல்லாம் அதை ரத்தத்துக்குள்ள பிழிஞ்சு விடுது. முதல்ல பயம் வந்துடுது. எதுக்குப் பயம்னு மனசு அப்புறமா ஒரு ஆளைத் தேடிக்குது."

சின்னவர் கேட்டார். "எங்கண்ணனுக்கும் இதேதானா டாக்டர்?"

"பிரேதப் பரிசோதனை பண்ணாங்களா?"

"இல்ல."

"அப்ப என்னால சொல்ல முடியாதுங்க. இருக்கலாம். அதுக்கு மேல சொன்னா பொய்."

உறுதிப்படுத்த ஒரு நாள் முழுக்கச் சேரும் சிறுநீரைக் கேனில் பிடிக்கச் சொன்னார்கள். ஐந்து லிட்டர் கேனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். "விருந்தாளி யாராவது வந்தா ஜூஸ்னு எடுத்துக் குடிச்சுடப் போறாங்க, உள்ள வைங்க" என்றாள் மனைவி. பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள். முடிவு வந்தது. பயத்தில் சுரக்கும் அந்த நீர் சாதாரண அளவைப் போல் பதினாறு மடங்கு இருந்தது.

உடனே வெட்டவில்லை. கட்டி எவ்வளவு கொட்டினாலும் ரத்தக் குழாய்கள் இறுகாதபடி இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். உப்பும் தண்ணீரும் தாராளமாகச் சேர்க்கச் சொன்னார்கள். மூக்கு அடைத்தது, எழுந்தால் தலை சுற்றியது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் பின்னால் நிற்பவர் தூரத்துக்கு நகர்ந்தார். முதலில் கதவருகே, பிறகு கதவுக்கு வெளியே. அறுவை சிகிச்சை நான்கு மணி நேரம் நடந்தது. பையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டியோடு எடுத்தார்கள். டாக்டரம்மா நான்கு மணி நேரமும் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

குழாய் எடுத்து வீட்டுக்கு வந்த முதல் காலை. சின்னவர் குளியலறைக்குப் போனார். முடித்தார். காத்திருந்தார். நெஞ்சு அது பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தார். துண்டு, வாளி, கதவு. பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. இத்தனை மாதம் உயிரை வாங்கியவர் போய்விட்டார் என்றால் சந்தோஷம்தானே வர வேண்டும். தாழ்ப்பாள் உடைத்த அன்று வராத அழுகை, ஒன்பது வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவருக்கு வந்தது.

அதன்பின் மரபணுச் சோதனை. மரபணுவில் ஒரு பிசகு இருந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்பா அம்மா இருவருமே இப்போது உயிரோடு இல்லை. "உங்க அண்ணன் பொண்ணைப் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா. "அவளுக்கு அது இருந்தா, அப்பாகிட்டேருந்து வந்ததுதான். அப்ப அவருக்கும் இருந்திருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா, அவ தப்பிச்சா. ஆனா அவரைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது."

அண்ணியிடம் சொல்லப் போனபோதுதான் சின்னவர் மோட்டார் அறைக் கதையையும் சொன்னார். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நான் சிரிச்சுட்டேன் அண்ணி. ஊரெல்லாம் சொல்லி அவரை வாயடைக்க வெச்சுட்டேன். இல்லைன்னா டாக்டர்கிட்டப் போயிருப்பாரு."

அண்ணி ஒரு தலையணை உறையை நான்காக மடித்து வைத்தாள். "எங்கிட்டயும் சொன்னாரு தம்பி."

"என்னன்னு?"

"இதேதான். யாரோ நிக்கிறாங்கன்னு. வெளிச்சம் பத்தலைன்னு நெனச்சு நான் பெரிய பல்பா வாங்கி மாட்டினேன். இப்ப சரியா இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாரு. மறு வாரம் போயிட்டாரு." அவள் அடுத்த உறையை எடுத்தாள். "பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க."

பெண்ணே முந்திக்கொண்டாள். "எனக்கென்ன பயம் சித்தப்பா? ஊசிதானே" என்றாள். ரத்தம் கொடுத்த கையோடு கல்லூரிக்குப் போனாள். முடிவுக்கு ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து வாரமும் அவள் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் மற்ற மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் வெளியே வந்து மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு, "யாரும் நிக்கல, போதுமா?" என்பாள்.

முடிவு சொன்ன நாளில் நால்வரும் போனார்கள். டாக்டரம்மா உறையைப் பிரித்து ஒரே வரியில் சொன்னார். "இவளுக்கு இல்ல."

சின்னவரின் மனைவி பெண்ணைக் கட்டிக்கொண்டாள். அண்ணி நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். "அப்ப அவருக்கு?" என்றாள்.

"இனிமே தெரியாதும்மா. தெரிஞ்சுக்க வழியே இல்ல."

"சரி" என்றாள் அண்ணி. வெளியே நடைபாதையில் வரும்போது சின்னவரின் பக்கமாக வந்து மெதுவாகச் சொன்னாள். "தெரியாமலே போகட்டும் தம்பி. இவ நல்லா இருக்கா, அது போதும்." அவரும் போதும் என்றார். அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னார். ஸ்டோர் ரூமை விட்டு மறுபடி லிப்ட் வேலைக்குப் போனார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும், வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், ஆயுசு முழுக்க. அதில் அவர் ஒருநாளும் பிசகவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் மனைவியிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மா "இல்ல" என்று சொன்னபோது, சந்தோஷம் வருவதற்கு ஒரு நொடி முன்னால், அவருக்குள் ஏதோ ஒன்று சப்பென்று போனது. அண்ணன் பயந்தாங்கொள்ளி இல்லை என்று ஒரு காகிதம் வந்துவிடும் என எதிர்பார்த்திருக்கிறார். அந்தக் காகிதம் யார் உடம்பிலிருந்து வர வேண்டியிருக்கும் என்பதை அந்த ஒரு நொடிக்கு மறந்திருக்கிறார்.

படிப்பை முடித்துவிட்ட அந்தப் பெண் இப்போதும் காலையில் வேலைக்குப் போகும்போது, "வரேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அவளை நேராகப் பார்த்து, "பார்த்துப் போம்மா" என்று சொல்ல அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கணம் தேவைப்படுகிறது.