கலங்கிய வைனும் ஒரு பிடி கோதுமையும்

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது, வாளியிலிருந்த வைன் மட்டும் தெளிகிற வழியாக இல்லை. ஜினி ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மோந்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஜினியின் ஒற்றை அறை வீட்டில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்த வாளி உட்கார்ந்திருந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார சூப்பர்வைசர் ஒருவர் அவள் கணவன் ரெனீஷிடம் கொடுத்துவிட்டுப் போன வைன் கிட். டின்னில் வெள்ளைத் திராட்சைச் சாறு, ஈஸ்ட் பொட்டலம், கடைசியில் போட்டுத் தெளிய வைக்கும் தூள், எல்லாம் ஒரே பெட்டியில். சொன்னபடி செய்தால் தானாகத் தெளிந்துவிடும் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. வெளியே தெரிந்தால் போலீஸ் வரும் என்பதால் வாசனை போகாமல் கதவிடுக்கில் துணி செருகியிருந்தார்கள்.

இந்த வருஷம் குடும்பச் சாப்பாடு முதல்முறையாக ஜினியின் வீட்டில். அதை அடம்பிடித்து வாங்கியதே அவள்தான். ரெனீஷின் அண்ணன் ஞானசிங், மார்த்தாண்டத்துப் பெருமையை மடித்து சூட்கேஸில் வைத்து அபுதாபிவரை கொண்டுவந்தவர். தம்பி குளச்சல் கடப்புறத்து மீனவப் பெண்ணைக் கட்டியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. ஜினி கொண்டுபோகும் மீன்குழம்பை வயிறு சரியில்லை என்று தள்ளிவைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கிறிஸ்துமஸ் வைன் என்றால் மட்டும் மனிதருக்கு உயிர். அவர் கணக்கில் அது மதுவே இல்லை, ஜூஸ். அந்த ஜூஸைத் தன் கையால் ஊற்றி அவரைக் குடிக்க வைத்தே தீருவது என்று ஜினி கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கொட்டிரு பிள்ள," என்றான் ரெனீஷ். "இத அண்ணன் கண்டா என்ன சொல்லுவாருன்னு தெரியும்லா."

"ஒங்க அண்ணனுக்குப் பயந்து நீங்க வேணும்னா எதையும் கொட்டுங்க. நான் கொட்டமாட்டேன்."

அவள் கிளினிக்கில் நர்ஸ். காரணம் தெரியாமல் ஒன்றை விட்டுவிட அவளால் முடியாது. உள்ளே வாயு தங்கினாலும் மண்டி அடங்காது என்று பெட்டியில் எழுதியிருந்தது. மரக்கரண்டியால் கை வலிக்கக் கலக்கி வாயுவை வெளியேற்றினாள். தெளியவில்லை. தூளைப் போட்டாள். தூள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, கலங்கல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தாள். குளிர்ந்த கலங்கல் கிடைத்தது.

பிறகுதான் பொறி தட்டியது. பெட்டியில் எழுதாத ஒன்றை அவள் போட்டிருந்தாள். வெந்நீரில் ஊறவைத்த இடித்த கோதுமை, ஒரு பிடி. யோசிக்காமலே கை போட்டுவிட்டது. அவள் அம்மை குளச்சலில் கோதுமை போடாமல் வைன் வைத்ததே கிடையாது. அங்கே வைனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆளும் கிடையாது.

காயத்துக்குப் போடும் அயோடினை எடுத்து டம்ளரில் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதலில் விட்டதெல்லாம் சாறு கெடாமலிருக்கச் சேர்த்த மருந்தில் நிறமில்லாமல் மறைந்தது. விடாமல் விட்டதும் டம்ளர் முழுக்க நீலமாகக் கறுத்தது. கஞ்சி இருந்தால்தான் அயோடின் நீலமாகும். கோதுமையின் கஞ்சிதான். எந்தத் தூளுக்கும் அது மசியாது.

"அண்ணன்கிட்ட இந்தக் கோதுமை கதையச் சொல்லிராத, கேட்டியா," என்றான் ரெனீஷ். "கடப்புறத்துப் புத்தின்னு சொல்லிருவாரு."

அண்ணன் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. டம்ளரைக் கழுவினாள்.

மறுநாள் மருந்துக்கடையில் சோறு செரிக்காதவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை வாங்கிவந்தாள். வயிற்றில் கஞ்சியைக் கரைப்பது வாளியிலும் கரைக்கும் என்று பொடித்துப் போட்டாள். கரைத்தது. மெதுவாகத்தான், ஆனால் பண்டிகைக்கு முன்பே வைன் பொன்னிறமாகத் தெளிந்து நின்றது. அடிமண்டி கலக்காமல் குழாய் வைத்து ஜக்கில் இறக்கினாள்.

கிறிஸ்துமஸ் மதியம் ஞானசிங் டம்ளரை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பரிசோதித்தார். ஒரு வாய் குடித்தார். டம்ளர் காலியானது. இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் காலி செய்தார்.

"அருமை," என்றார். "தம்பி சொன்ன கிட்டுல உள்ளபடி செஞ்சா இப்படித்தான் வரும். கடப்புறத்துக்காரி வச்சதுன்னு சொல்லவே முடியாது. ஜினி இப்பத்தான் நம்ம வீட்டுப் பிள்ளையா ஆயிருக்கா."

ரெனீஷ் மூச்சு விட்டுச் சிரித்தான். ஜினியும் ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் போதும், அன்றோடு எல்லாம் சுபம். ஆனால் அவளால் முடியவில்லை. இந்தப் பாராட்டில் அவளுக்கு இடமே இல்லை.

"கிட்டுல இல்லாதது ஒண்ணு அதுல இருக்கு அண்ணன்," என்றாள். "எங்க அம்மை போடுத கோதுமை. அதுலதான் கலங்கிச்சு. நீங்க குடிக்கணும்னு கலங்கல மருந்து போட்டு எடுத்தேன். நீங்க ரெண்டு டம்ளர் குடிச்சது கடப்புறத்து வைன்தான்."

மேசைக்கு அடியில் ரெனீஷ் அவள் காலை மிதித்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இத இப்ப எதுக்குச் சொல்லுத?" என்றார் ஞானசிங்.

"நல்லா இருக்குன்னு சொன்னீங்கல்லா. யாரு கைன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

அவர் டம்ளரைத் தள்ளிவைத்தார். அவர் மனைவி ஜெபராணி தன் காலி டம்ளரை ஜினி பக்கம் நகர்த்தினாள். ஜினி அதை நிரப்பினாள்.

"அடுத்த வருஷம் சாப்பாடு எங்க வீட்டுலயே வச்சுக்கிடுவோம்," என்றார் ஞானசிங், யாரையும் பார்க்காமல்.

"வச்சுக்கிடுங்க அண்ணன். வைன் நான் கொண்டுவருவேன். ரெண்டு பிடி கோதுமை போடுவேன். தெளிய வைக்கமாட்டேன்."